எழுதி முடிக்காத கதையைச் சொல்வது

முழுத் திரைக்கதையையும் எழுதி முடித்த பிறகுதான் தயாரிப்பாளரைப் பார்க்க வேண்டுமா, கரு மட்டும் கையில் இருக்கும்போதே போகலாமா என்ற கேள்வி இந்தியாவில் பேசும்படத்தோடு சேர்ந்தே பிறந்தது. அதற்கு ஒரே விடை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. படத்தின் பெயரே போதும் என்றிருந்த காலம் உண்டு. இரண்டரை மணி நேரக் கதையை முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை வாயாலேயே சொல்லிக் காட்டச் சொன்ன காலம் உண்டு. தைத்த பிரதி மேசைக்கு வராமல் பேச்சே இல்லை என்ற கட்சியும் உண்டு.

கேள்வி தொழில் நுணுக்கம் போலத் தெரிந்தாலும் அதன் அடியில் இருப்பது பணம். முழுத் திரைக்கதைக்குப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை அடுப்பு எரிவதற்கு யார் பொறுப்பு? எழுதி முடித்துவிட்டு வரச் சொன்னால் சுமை எழுதுபவர்மேல் விழுகிறது. கருவைக் கேட்டு அட்வான்ஸ் கொடுத்தால் தயாரிப்பாளர்மேல் விழுகிறது. ஆகவே இந்தக் கேள்விக்கு வந்த விடைகளை எடைபோடும்போது, ஒவ்வொன்றும் ஆபத்தை யார் தலையில் ஏற்றுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கோடம்பாக்கப் புழக்கத்தில் ஒரு கதை சில படிகளைக் கடக்கிறது. ஒன்லைன், பிறகு சில பக்கச் சுருக்கம், பிறகு காட்சிகளை வரிசைப்படுத்திய சீன் ஆர்டர், கடைசியில் வசனத்தோடு கூடிய தைத்த பிரதியான பவுண்ட் ஸ்கிரிப்ட். சுருக்கத்துக்கும் சீன் ஆர்டருக்கும் நடுவில், வசனம் இல்லாமல் கதையைக் காட்சிகளாக உரைநடையில் விரித்து எழுதுவதை ட்ரீட்மென்ட் என்பார்கள். இதில் எந்தப் படியில் நின்று கதவைத் தட்டலாம் என்பதே விவாதம்.

பெயரே போதும் என்ற காலம்

1930களில் சென்னையில் ஸ்டுடியோ வசதி குறைவு. தமிழ்ப் படங்கள் பல கல்கத்தாவிலும் பம்பாயிலும் தயாராயின. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி, எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்து 1937இல் வெளிவந்த 'அம்பிகாபதி' கல்கத்தாவின் ஈஸ்ட் இந்தியா ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. அன்றைய படங்களில் பெரும்பாலானவை புராணக் கதைகள், அல்லது மேடையில் ஓடித் தேய்ந்த நாடகங்கள். கதையைச் சொல்லி முதலாளியைச் சம்மதிக்க வைக்கும் வேலையே அதிகம் இல்லை. கதை முன்பே ஊருக்குத் தெரியும். யார் பாடுகிறார்கள், எத்தனை பாட்டு என்பதுதான் பேரம்.

தெரிந்த கதைகள் தீரத் தொடங்கியபோது நிலைமை மாறியது. ஜெமினி ஸ்டுடியோவின் 'சந்திரலேகா' இந்த மாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. திரைப்பட வரலாற்றாளர் ராண்டார் கை பதிவுசெய்திருப்பதன்படி, ஸ்டுடியோ முதலாளி எஸ்.எஸ். வாசன் அந்தப் படத்தை விளம்பரம் செய்தபோது அவரிடம் இருந்தது நாயகியின் பெயர் மட்டுமே. கதை இலாகாவினர் சொன்ன கதைகள் அவருக்குப் பிடிக்கவில்லை. திட்டத்தையே கைவிடும் நிலை வந்தபோது இலாகாவைச் சேர்ந்த வேப்பத்தூர் கிட்டு மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் தேடி, 19ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஜி.டபிள்யூ.எம். ரெனால்ட்ஸின் நாவல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் ஒரு பெண் வழிப்பறிக் கொள்ளைக்காரனிடம் சிக்கும் காட்சியிலிருந்து கதைக்கான பொறி கிடைத்தது. வாசனுக்கு அது பிடித்துப்போனது. அந்த ஒரு சூழலிலிருந்து மற்றதை இலாகா உருவாக்கியது. ஐந்தாண்டு உழைப்புக்குப் பின் படம் 1948 ஏப்ரல் 9 அன்று வெளியானது.

கரு மட்டும் போதும் என்பவர்களுக்கு இது வலுவான சான்றாகத் தோன்றும். ஆனால் கிட்டு மாதச் சம்பளக்காரர். கேட்டவரும் செலவு செய்தவரும் ஒரே ஆள். கதை வளரும்வரை ஸ்டுடியோ தாங்கிக்கொண்டது. ஏவி.எம்., தேவர் பிலிம்ஸ் போன்ற நிறுவனங்களிலும் கதை இலாகா இருந்தது. அந்த அமைப்பு கலைந்த பிறகு, அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் வாடகை அறையில் செய்யும் தனியாளுக்கு 'சந்திரலேகா' முன்மாதிரி ஆகாது.

வாயால் சொல்லும் மரபு

ஸ்டுடியோக்களுக்குப் பின் தமிழில் நிலைபெற்றது கதை சொல்லும் முறை. இன்று இதை நரேஷன் என்கிறார்கள். உதவி இயக்குநராக ஆண்டுக்கணக்கில் டிஸ்கஷனில் உட்கார்ந்து பழகியவர், தயாரிப்பாளரிடமோ நடிகரிடமோ இரண்டு மணி நேரம் கதையை நடித்தும் பின்னணி இசையை வாயால் போட்டும் சொல்வார். இதன் வேர் கதாகாலட்சேபத்திலும் வில்லுப்பாட்டிலும் கூத்திலும் இருக்கிறது என்று கருத இடமுண்டு. நேரடித் தொடர்பை நிறுவுவது கடினம். உடனடிக் காரணம் எளியது. பணம் போடுபவர்களில் பலர் வணிகர்கள், விநியோகத்திலிருந்து வந்தவர்கள். காகிதத்தைப் படிப்பதைவிடக் காதால் கேட்டு, தியேட்டரில் இது எடுபடுமா என்று கணிப்பதே அவர்களுக்குக் கைவந்தது.

இந்த மரபின் பலம் கேட்பவரின் முகம். எந்த இடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், எந்த இடத்தில் போனைப் பார்த்தார் என்பதைக் கதை சொல்பவர் அங்கேயே கவனிக்கிறார். பத்துப் பேரிடம் சொன்ன கதை பத்து முறை திருத்தப்பட்ட கதை. எழுத்தில் மறைந்துகொள்ளும் தொய்வு வாயில் மறையாது. கே. பாக்யராஜ் போன்றவர்கள் கதை சொல்லும் திறத்துக்காகவே பெயர் பெற்றார்கள். அந்தத் திறம் அவர்களின் திரைக்கதை நேர்த்தியோடு பிணைந்தே வளர்ந்தது.

பலவீனமும் அதே இடத்தில்தான். நல்ல சொல்லாளி பலவீனமான இரண்டாம் பாதியைக் குரலாலேயே கடந்துவிட முடியும். கூச்ச சுபாவம் உள்ள நல்ல எழுத்தாளர் முதல் பத்து நிமிடத்திலேயே தோற்றுப்போகலாம். இன்னொரு சிக்கல், நடிகர் சம்மதம் சொன்ன உடனே கால்ஷீட் தேதி வந்துவிடுவது. இன்டர்வல் வரை மெருகேறிய கதை, அதற்கு மேல் அவசரத்தில் எழுதப்படுகிறது. தமிழ்ப் படங்களின் இரண்டாம் பாதி பற்றி விமர்சகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறைக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஒரு காரணம் என்பதை மறுப்பது கடினம்.

தைத்த பிரதியின் கட்சி

எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகே படப்பிடிப்பு என்ற ஒழுங்கு அமெரிக்காவில் 1910களில், தாமஸ் இன்ஸ் போன்றவர்களின் ஸ்டுடியோக்களில் உருவானது. அதன் நோக்கம் கலையைவிடக் கணக்கு. எத்தனை இடம், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். 1979இல் சிட் ஃபீல்டின் 'ஸ்கிரீன்ப்ளே' வந்தபின் அந்த ஒழுங்கு பாடமாகவும் ஆனது. எழுத உட்காரும் முன்பே முடிவும் தொடக்கமும் இரண்டு முக்கியத் திருப்பங்களும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்தியது. தமிழில் இந்தக் கட்சியின் உரத்த குரல் கமல்ஹாசனுடையது. 2009இல் சென்னை ஐஐடியில் அவர் முன்னின்று நடத்திய திரைக்கதைப் பயிலரங்கு அதன் அடையாளம்.

பொது நிதியும் இந்தப் பக்கமே சாய்ந்தது. 1960இல் தொடங்கிய திரைப்பட நிதிக் கழகமும், பின்னர் அது இணைக்கப்பட்ட தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமும் எழுத்தில் உள்ளதைப் பார்த்துப் பணம் கொடுக்கும் அமைப்புகள். இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயில்' கதையைக் கொண்டு கே.எஸ். சேதுமாதவன் எடுத்து, சிறந்த படத்துக்கான தேசிய விருதைத் தமிழுக்கு முதன்முதலில் பெற்றுத்தந்த 'மறுபக்கம்' அந்த வழியில் வந்தது. நரேஷன் அறையில் அந்தக் கதை தேறியிருக்குமா என்பது ஐயமே.

இதன் குறைகள் இரண்டு. முதலாவது முன்பே சொன்ன பணச்சுமை. இரண்டாவது, 120 பக்கப் பிரதியை முழுதாகப் படிப்பவர் குறைவு. மேசையில் தூசி படியும் பிரதி எழுதியவருக்கு எந்தப் பதிலும் தருவதில்லை. எங்கே பிடிக்கவில்லை என்றுகூடத் தெரியாது. அந்த வகையில் வாய்மொழி மரபு எழுத்தாளருக்கு நேர்மையாகவே நடந்துகொள்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை 2007 முதல் கோவாவில் நடந்துவந்த ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தை திறந்தது. அதோடு இணைந்த திரைக்கதைப் பட்டறைக்கு, முடிவடையாத வரைவுகள் வழிகாட்டிகளின் கீழ் திருத்தி எழுதப்படுவதற்காகத் தேர்வாகின்றன. ரித்தேஷ் பத்ராவின் 'தி லஞ்ச்பாக்ஸ்', கொல்கத்தா சத்யஜித் ரே திரைப்படக் கழகத்தில் படித்த கனு பெல்லின் 'தித்லி' இரண்டும் அப்படிப் பதப்பட்டவை. முதலாவது 2013இலும் அடுத்தது 2014இலும் கான் விழாவுக்குப் போயின. ஆவணப்படத்துக்குக் கொல்கத்தாவிலேயே டாக்எட்ஜ் என்ற மேடை இருக்கிறது. ஆவணப்படத்தில் திரைக்கதை பெரும்பாலும் முன்கூட்டியே இருக்காது என்பதால், அங்கே கேட்கப்படும் கேள்விகள் வேறு: யாரைப் பின்தொடரப் போகிறீர்கள், அவர்கள் ஏன் உங்களை அனுமதிப்பார்கள், எடுத்தவரை காட்ட முடியுமா? புனைகதைக்காரர்களும் இந்தக் கேள்விகளைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

மறு எல்லையில் ஹாங்காங்கின் வாங் கர்வாய் நிற்கிறார். முழுத் திரைக்கதை இல்லாமலே படப்பிடிப்பு தொடங்கி, எடுத்துக்கொண்டே கதையைக் கண்டுபிடிப்பவர் அவர். அவரைச் சுட்டிக்காட்டும் புதியவர்கள், அந்தச் சலுகை அவருடைய முந்தைய படங்களுக்கும் நடிகர்களுக்கும் கிடைத்தது என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காட்டிப் புரியவைப்பது

சத்யஜித் ரே 'பதேர் பாஞ்சாலி'க்காகப் படியேறியபோது அவரிடம் வழக்கமான திரைக்கதை இல்லை. 1950இல் லண்டனிலிருந்து கப்பலில் திரும்பும்போது எழுதத் தொடங்கிய குறிப்புகளும், காட்சிகளை மையால் வரைந்த ஓர் ஓவியப் புத்தகமும் இருந்தன. டி.ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தவருக்கு, இல்லாத ஒன்றைப் படமாக வரைந்து வாடிக்கையாளர் முன் வைப்பது அன்றாட வேலை. தவிர, படத்துக்கு மூலமான நாவலின் சிறுவர் பதிப்புக்கு முன்பே அவர் படம் வரைந்திருந்தார். கருப்பொருள் மனத்தில் உருவமாகவே தங்கியிருந்தது.

ஓவியப் புத்தகம் வியப்பை உண்டாக்கியதே தவிரப் பணத்தைக் கொண்டுவரவில்லை. பாட்டு இல்லை, நட்சத்திரம் இல்லை, புதுமுக இயக்குநர், தயாரிப்பாளர்கள் கைவிரித்தார்கள். காப்புறுதிப் பத்திரத்தின் மேல் கடன் வாங்கி 1952 அக்டோபரில் ரே படப்பிடிப்பைத் தொடங்கினார். இறுதியில் முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் மேற்கு வங்க அரசு பணம் தந்தது. அந்தக் கட்டத்தில் காட்டுவதற்கு அவரிடம் எடுத்து முடித்த பகுதிகள் இருந்தன. 1955 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் படம் வெளியானது. அந்த ஓவியப் புத்தகத்தைப் பிற்பாடு ரே பாரிஸின் சினிமாத்தேக்குக்குக் கொடுத்துவிட்டார்.

இந்த வரலாற்றில் ஒரு சிறு நிகழ்வு நம் கேள்விக்கு மிகவும் வேண்டியது. முடிவு சோகமாக இருக்கிறது, ஊர் முன்னேறுவதுபோல மாற்றலாமே என்று அரசுத் தரப்பில் யோசனை வந்ததாக ரேயின் வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதுகிறார்கள். நாவலின் முடிவு வங்காளிகளுக்கெல்லாம் தெரியும், மாற்றினால் ஏற்க மாட்டார்கள் என்ற பதிலோடு ரே நின்றார். காகிதத்தில் முழுத் திரைக்கதை இல்லை. குடும்பம் ஊரைவிட்டுப் போவதில்தான் கதை முடிகிறது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அந்த உறுதி இல்லாதவரிடம் பணம் கொடுப்பவர் கதையை மாற்றிவிடுவார்.

காட்டிப் புரியவைக்கும் வழி இப்போது குறும்படமாகத் தமிழில் வேரூன்றியிருக்கிறது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் வளர்ந்தவர்கள் 2012 முதல் திரையரங்குகளுக்கு வந்தார்கள். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி', ராம்குமாரின் 'முண்டாசுப்பட்டி' இரண்டும் குறும்படமாக இருந்து முழுப்படம் ஆனவை. கார்த்திக் சுப்புராஜின் அனுபவம் இன்னொரு பாடம் தருகிறது. அவர் முதலில் எழுதியது 'ஜிகர்தண்டா'. புதியவர் கையில் அந்த அளவு செலவுக்கு ஆள் கிடைக்காததால் சிறிய செலவில் எடுக்கக்கூடிய 'பீட்சா'வை முதலில் செய்தார். எழுதி முடித்த பிரதியும் நேரம் வராமல் நகராது.

குறும்படத்தின் குறை, அது சூழலை நிரூபிக்கும், நீளத்தை நிரூபிக்காது. பத்து நிமிடத்தில் வேலை செய்த ஒரு திருப்பம் நூற்றிருபது நிமிடத்தைத் தாங்குமா என்பதற்கு அதில் விடை இல்லை.

கார்டன் ரீச்: ஒரே ஒன்லைன், இரண்டு படம்

எழுதும் முன் எதை முடிவு செய்ய வேண்டும் என்பதை அருகிலிருந்து பார்க்கக் கொல்கத்தாவின் தென்மேற்கில், ஹூக்ளிக் கரையில் உள்ள கார்டன் ரீச் உதவுகிறது. இன்று அது கப்பல் கட்டும் தளமும் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் மெட்டியாபுருஸ் வட்டாரத்தின் எண்ணற்ற தையல் கூடங்களும் உள்ள பகுதி. 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவத் அரசை இணைத்துக்கொண்டபின், நவாப் வாஜித் அலி ஷா அந்த ஆண்டு மே மாதம் கல்கத்தா வந்து இங்கேதான் குடியேறினார். 1857 கிளர்ச்சியின்போது வில்லியம் கோட்டையில் சிறை வைக்கப்பட்டுப் பின் விடுதலையானார். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் ஓய்வூதியத்தில் இசை, நடனம், பட்டம், மிருகக்காட்சி சாலை என ஒரு குட்டி லக்னோவை உருவாக்கி, 1887இல் இறக்கும்வரை வாழ்ந்தார். கல்லறை மெட்டியாபுருஸின் சிப்தைனாபாத் இமாம்பாராவில் இருக்கிறது.

ரேயின் 'ஷத்ரஞ்ச் கே கில்லாடி' (1977) இந்த மனிதரைப் பற்றிய படம். கார்டன் ரீச் அதில் இல்லை. தயாரிப்பாளர் சுரேஷ் ஜிந்தல் இந்திப் படம் ஒன்றுக்காக ரேயை அணுகியபோது திரைக்கதை என்று ஒன்று கிடையாது. பிரேம்சந்தின் சிறுகதையை எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ரேயிடமிருந்து வந்தது. பிரேம்சந்த் கதையின் மையம் நாடு போவது தெரியாமல் சதுரங்கத்தில் மூழ்கிய இரு பிரபுக்கள். நவாபையும் ரெசிடென்ட் ஔட்ரமையும் முழுப் பாத்திரங்களாக ரே சேர்த்தார். சிறுகதையில் இருவரும் வாளால் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். படத்தில் சண்டை ஒரு துப்பாக்கிக் குண்டோடு ஓய்ந்து, ஆட்டம் தொடர்கிறது. திரைக்கதை நிலையில் வாஜித் அலி ஷாவிடம் பரிவு கொள்ள முடியாமல் திட்டத்தைக் கைவிடவும் எண்ணியதாக ரே பின்னர் எழுதியிருக்கிறார். நவாபின் இசையையும் கவிதையையும் படித்தறிந்த பின்னரே அந்தப் பாத்திரம் அவருக்குப் பிடிபட்டது.

நாடிழந்த ஒரு நவாபின் கதை என்று ஒன்லைன் எழுதினால் அது இந்தப் படத்துக்கும் பொருந்தும். கார்டன் ரீச்சில் முப்பதாண்டுகள் கழித்த முதியவரைப் பற்றிய, இன்னும் எடுக்கப்படாத வேறொரு படத்துக்கும் பொருந்தும். ஒன்றில் நாடு போகிறது. மற்றதில் நாடு போனபின் ஒரு மனிதர் எதை வைத்துக்கொண்டு வாழ்கிறார். இரண்டும் ஒரே வரியில் அடங்குவது அந்த வரியின் போதாமையைக் காட்டுகிறது. ஒன்லைனைச் செதுக்குவதே ஆயத்தம் என்ற கருத்து, குறிப்பாக 2005இல் பிளேக் ஸ்னைடரின் 'சேவ் தி கேட்' நூலுக்குப் பின் பரவியது. கருவின் கவர்ச்சியைச் சோதிக்க அது பயன்படும். கதை எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதை அது கேட்பதில்லை.

இரண்டாவது படத்தை ஒருவர் இன்று சொல்லப்போவதாகக் கொள்ளலாம். அவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது யார் கண்ணால் பார்ப்பது என்பது. நவாபின் கண்ணாலா, உடன் வந்த பேகம்களில் ஒருவரின் கண்ணாலா, மிருகங்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரின் கண்ணாலா? பிற்காலத்தில் லக்னோ பண்பாட்டைப் பற்றி எழுதிய அப்துல் ஹலீம் ஷரர் சிறுவயதில் மெட்டியாபுருஸில் வளர்ந்தவர்; ஒரு சிறுவனின் கண்ணும் கிடைக்கிறது. அடுத்து, எந்த ஆண்டில் நிறுத்துவது. கோட்டைச் சிறையில் முடித்தால், அதே நேரம் லக்னோவில் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய பேகம் ஹஸ்ரத் மஹாலின் நிழல் படம் முழுதும் விழும். 1887 மரணத்தில் முடித்தால் கதை ஒரு சிறு உலகம் கலைவதைப் பற்றியதாகிவிடும். பிறகு செலவு. ஆற்றங்கரை மாளிகைகளும் மிருகங்களும் வேண்டும். உண்மையான மிருகங்களை நடிக்கவைக்க விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். கணினி வரைகலை என்றால் பட்ஜெட் வேறு. மொழி உருதுவா, வங்காளமும் கலந்ததா? ரே தம் திரைக்கதையை ஆங்கிலத்தில் எழுதி, வசனத்துக்கு ஷமா ஜைதியையும் ஜாவேத் சித்திக்கியையும் சேர்த்துக்கொண்டார். கதை சொல்லும் நாளில் தயாரிப்பாளர் கேட்கப்போவது இவற்றைத்தான். ஒன்றுக்கும் வசனம் எழுதிய பிரதி தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் தீர்மானம் தேவை.

சொன்ன கதை யாருடையது

எழுதி முடிக்காமல் சொல்வதற்கு எதிரான பழைய வாதம் திருட்டு பற்றிய அச்சம். ரேயின் 'தி ஏலியன்' இதில் அதிகம் பேசப்படுவது. 1962இல் 'சந்தேஷ்' இதழில் அவர் எழுதிய ஒரு சிறுகதையை ஒட்டி 1967இல் உருவான அந்தத் திட்டத்துக்கு ஆர்தர் சி. கிளார்க்கின் தூண்டுதல் இருந்தது. இலங்கையில் வாழ்ந்த மைக் வில்சன் இடையாளாக வந்தார். கொலம்பியா பிக்சர்ஸ் ஆர்வம் காட்டியது. நகலெடுத்த பிரதிகளில் பதிப்புரிமை தம் பெயரோடு வில்சன் பெயரிலும் இருப்பதை ரே ஹாலிவுட்டில்தான் கண்டார். படம் நடக்கவில்லை. 1982இல் 'ஈ.டி.' வந்தபோது தம் பிரதி அமெரிக்காவில் உலவாமல் இருந்திருந்தால் அது சாத்தியமில்லை என்று ரே கருதினார், ஸ்பீல்பெர்க் மறுத்தார். கவனிக்க வேண்டியது, இங்கே உலவியது எழுதி முடித்த பிரதி. முழுமையாக எழுதுவது மட்டுமே காப்பு என்ற நம்பிக்கைக்கு இது பொருந்தவில்லை.

இந்தியச் சட்டத்தின் நிலையை 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனந்த் தம் 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தை இயக்குநர் மோகன் சைகலிடம் படித்துக் காட்டினார். 1956இல் சைகலின் 'நியூ டெல்லி' படம் வந்தபோது அது தம் நாடகம் என்று வழக்குத் தொடுத்தார். கருவுக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்படும் வடிவத்துக்கே உண்டு என்று சொன்ன நீதிமன்றம், வழக்கை ஏற்கவில்லை. அதே 1956இல் கலிபோர்னியாவில் இயக்குநர் பில்லி வைல்டருக்கு எதிரான டெஸ்னி வழக்கு வேறு வாயிலைத் திறந்தது. வைல்டரின் செயலாளருக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்ட ஒரு கதைச் சுருக்கம் பற்றியது அந்த வழக்கு. பணம் தரப்படும் என்ற புரிதலோடு ஒரு கரு சொல்லப்பட்டிருந்தால், பதிப்புரிமை இல்லாவிட்டாலும் உட்பொதிந்த ஒப்பந்தம் இருக்கலாம் என்றது நீதிமன்றம். இந்தியாவில் ஜீ டெலிஃபிலிம்ஸ், சன்டயல் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2003இல் நம்பிக்கை மீறல் என்ற அடிப்படையில், நம்பிச் சொன்ன ஒரு தொடர்க் கருத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. அதில் கருத்து எழுத்தில் விரிவாக்கப்பட்டு, யாரிடம் எப்போது கொடுக்கப்பட்டது என்பது காட்டக்கூடியதாக இருந்தது.

தமிழ்நாட்டில் பழக்கமான வழி, தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிவு செய்வது. 2018இல் 'சர்கார்' படத்துக்கும், 'செங்கோல்' என்ற பெயரில் 2007இல் பதிவான வருண் ராஜேந்திரனின் கதைக்கும் ஒற்றுமை இருப்பதாகச் சங்கம் கருதியது. வெளியீட்டுக்குச் சில நாள் முன் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டு, திரையில் அவருக்கு அங்கீகாரம் அளிக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. பதிவு என்பது உரிமையையே தந்துவிடுவதில்லை, தேதியைத் தருகிறது. அந்தத் தேதி இல்லாவிட்டால் பேச்சுவார்த்தை மேசையே இருந்திருக்காது. ஆகவே கதை சொல்லப் போகுமுன் ட்ரீட்மென்ட் அளவிலாவது எழுதிப் பதிவு செய்வதும், சந்திப்புக்குப் பின் பேசியதைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவைப்பதும் ஆயத்தத்தின் பகுதியே.

எஞ்சி நிற்பவை

நான்கு வழிகளையும் சேர்த்துப் பார்த்தால், பக்க எண்ணிக்கை தவறான அளவுகோல் என்றே தோன்றுகிறது. நூற்றிருபது பக்கம் எழுதிய பின்னும் முடிவு தெரியாதவர் உண்டு. இருபது பக்கத்தில் எல்லாம் தீர்ந்தவரும் உண்டு. யாருடைய கதை, எங்கே நிற்கிறது, எவ்வளவில் எடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்க முடியாது என்ற நான்குக்கும் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தால், பிரதி முடியாமலே சொல்லப் போகலாம் என்பதற்குப் 'பதேர் பாஞ்சாலி' போதுமான ஆதரவு. எழுதும்போதுதான் கதை தெரியவரும் என்பவர்களுக்கு இது கடினமாகத் தோன்றலாம். அவர்கள் எழுதி முடித்துவிட்டுப் போவதே நல்லது; பாதியில் சொன்னால் கேட்டவரின் கதையை எழுத நேரும்.

தீராத கேள்விகளும் உண்டு. வாயால் கேட்டுத் தேர்ந்த படங்கள், பிரதியைப் படித்துத் தேர்ந்த படங்களைவிடத் தரத்தில் தாழ்ந்தவையா? வெற்றி பெற்றவர்களின் கதையே பதிவாகி, கதவு திறக்காத ஆயிரக்கணக்கானவர்களின் கதை பதிவாகாத வரை இதற்கு நம்பத்தக்க விடை கிடைக்காது. ஓடிடி தளங்கள் தொடர்களுக்கு முதல் அத்தியாயத்தையும் மற்றவற்றின் சுருக்கத்தையும் எழுத்தில் கேட்பது தமிழின் நரேஷன் வழக்கத்தை மாற்றுமா, அதன் மேல் இன்னொரு படியாக மட்டும் ஏறுமா என்பதும் இனித்தான் தெரியும்.

மிகப் பெரிய கேள்வி பணம். அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் ஒப்பந்தத்தில் ட்ரீட்மென்டும் முதல் வரைவும் தனித்தனியே ஊதியம் பெறும் படிகள். தமிழில் அது பொது வழக்காகவில்லை. எழுதி முடித்துவிட்டு வா என்ற அறிவுரை, ஊதியம் இல்லாத இடத்தில், வீட்டில் வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே நடைமுறையில் பயன்படுகிறது. கருவைக் கேட்டுப் பிடித்துப்போன தயாரிப்பாளர், கதை வளர்வதற்கு முன்பே ட்ரீட்மென்டுக்கு ஒரு தொகையும் எழுத்து ஒப்பந்தமும் தர வேண்டும். அதன் அளவையும் விதிகளையும் தயாரிப்பாளர் சங்கமும் எழுத்தாளர் சங்கமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.